சாய்ந்து நின்றவர்கள்

வீடு முழுவதும் சோறு. தின்னத் தின்ன வீடு பெரிதாகும். உள்ளே இருப்பவனை யாரும் பார்த்ததில்லை, சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவான். ஆனால் உள்ளே போன ஆளாக வர மாட்டான், இறக்கை முளைத்து வேறு ஆளாக வருவான். அவன் யார், சொல் பார்க்கலாம்.

மிதுனாவிடம் இப்படிக் கேட்டுவைத்தேன், அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கட்டும் என்று. கேட் திறப்பதற்குள் நான் யோசிக்க வேண்டும். யோசிக்க என்ன இருக்கிறது, எல்லாம் முடிந்துபோன விஷயம், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். செக்போஸ்ட்டின் குறுக்குக் கம்பம் இறங்கிக் கிடக்கிறது. கம்பத்தை ஒட்டி லாரி, லாரிக்குப் பின்னால் எங்கள் ஜீப். லாரியில் மரம் அறுக்கிற ஆட்கள் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் முழங்காலுக்கு நடுவிலும் ஒரு மெஷின் வாள், தூங்குகிற குழந்தையைப் பிடித்திருப்பதுபோலப் பிடித்திருக்கிறார்கள். டீக்கடை அடுப்புப் புகை நேராக மேலே போகாமல் ரோட்டிலேயே தவழ்கிறது. ஈரக் காற்று. மழை இன்னும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதனால்தான் இந்த அவசரம், அதனால்தான் லாரி, அதனால்தான் நான். ரேஞ்சர் சகாயராஜ் டம்ளரோடு நிற்கிறார். கம்பம் தூக்கும்போது என்னிடம் வந்து, போலாமா மேடம் என்பார். நான் போலாம் என்றால் லாரி மேலே போகும். மேல்சரிவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த தேக்கு மரங்கள் முந்நூற்றுச் சொச்சமும் மழைக்கு முன்னால் தரையில் கிடக்கும். அவற்றுக்குள் தண்டு துளைக்கும் புழு இருக்கிறது. இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானா கொடுத்தேன், மாடல் கொடுத்தது. மாடல் யார், நான் இரண்டு வருடம் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது. அது சொன்னால் நான் சொன்ன மாதிரிதான். தண்ணீர் பாட்டில் மிதுனாவின் காலடியில் உருண்டு கிடக்கிறது, எடுக்கக் குனிந்தால் மடியிலுள்ள லேப்டாப் சரியும், வேண்டாம். லாரியிலிருந்து ஒருவன் குரல் கொடுக்கிறான்: "ஏனுங்க, கேட்டைத் தூக்குனா கை சுளுக்கிக்குமா?" காவலாளி உள்ளேயிருந்தே, "மணி ஆகட்டும்." "எங்க மணி ஆயிருச்சுங்க." "உம்பட மணியப் பாத்து யானை ரோட்டை விட்டு நகராது. உக்காரு." சிரிப்பு. நானும் சிரித்திருக்கலாம்.

"அம்மா, வீட்டையே தின்னா அவனுக்கு பாத்ரூம் எங்க?" பின்னாலிருந்து மிதுனா. தேங்காய் பன்னைப் பிய்த்துத் தேங்காயை மட்டும் தின்றுகொண்டிருக்கிறாள். "வெளிய தள்ளிடுவான் கண்ணு. தூள் தூளா." "அசிங்கம்." "யாருன்னு சொல்லு மொதல்ல." "க்ளூ குடு." க்ளூ கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுக்காவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பாள். லேப்டாப்பில் மேல்சரிவு ஃபைல் ஒன்றைத் திறந்து, அவளுடைய பெரிய ரோஸ் ஹெட்போனை அதில் செருகிக் கொடுத்தேன். இதில் கேட்கும், அவன் தின்கிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ முறுக்குத் தின்கிற மாதிரி, கூர்ந்து கேள் என்றேன். பொத்தான் அளவு மைக்கை மரத்தின்மேல் அழுத்தி வைத்து எடுத்த சத்தம் அது. மரத்துக்குள்ளே புழு தின்றால் மரம் முழுக்க அந்தச் சத்தம் ஓடும், காதுக்கு எட்டாது, மைக்குக்கு எட்டும். துளை வெளியே தெரிவதற்கு முன்னால், இலை வாடுவதற்கு முன்னால், அடிமரத்தில் தூள் கொட்டுவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடலாம். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமை முதுகுத்தண்டில் ஏறும். மிதுனா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் அவள் முகம் அப்படியே இளம்பரிதி, அவள் அப்பா, அதே அடர்ந்த புருவம். நான் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்றாள். "என்னது?" "ஆன்சர். அப்பா." எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா முறுக்குத் தின்பார், வீட்டையே தின்பார், அது சரிதான். "அப்பா இல்ல கண்ணு, புழு. மரத்துக்குள்ள இருக்கற புழு." "புழு சத்தமும் இருக்குதான்னு தெரியல. இதுல அப்பா இருக்காரு. தூங்கறப்பக் கேக்குமே, அது." அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பு உதட்டில் இருக்கிறது, உள்ளே ஏதோ ஒன்று நின்றுவிட்டது. தூங்கும்போது கேட்கும். தினமும் அவன் நெஞ்சில் காதை வைத்துத்தான் அவள் தூங்குவாள். கைக்குழந்தையிலிருந்தே அப்படி. என் நெஞ்சில் வைத்தால், உன்னது சரியா கேக்கல என்று எழுந்து போய்விடுவாள்.

ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினேன். அவள் தலைச் சூடு அதில் இருந்தது, தேங்காய் வாசம். முதலில் எனக்குக் கேட்டது புழுதான். கேட்குமே, எனக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரியும், அதனால் கேட்கும். நறநற, நிறுத்தம், நற. அது புழுவா, மரப்பட்டையில் காற்று உரசுகிறதா. பிறகு அடியில், மிகவும் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. டுப் டுப். டுப் டுப். இதை நான் இதுவரை கேட்டதே இல்லை. எப்படிக் கேட்காமல் போனேன். நான் கேட்பது என் வெள்ளை இயர்போனில், அதில் அடிச்சத்தம் வராது, அடிச்சத்தம் வெறும் காற்றின் உறுமல், தேவையில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். எனக்குத் தேவையில்லை. மாடலுக்கு யார் சொன்னார்கள். மாடலுக்கு முழுச் சத்தத்தையும் அல்லவா கொடுத்தோம். சிறு பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், மெதுவாக, படபடக்காமல். இரண்டு கூடை. ஒன்றில் நோய் மரத்தின் சத்தங்கள், ஒன்றில் நல்ல மரத்தின் சத்தங்கள். கம்ப்யூட்டரிடம், இந்த இரண்டு கூடைக்கும் என்ன வித்தியாசம், நீயே கண்டுபிடி என்கிறோம். கண்டுபிடித்துவிடும். என்ன கண்டுபிடித்தது என்று நம்மிடம் சொல்லாது. புதிதாக ஒரு சத்தத்தைக் கொடுத்தால் இது அந்தக் கூடை, இது இந்தக் கூடை என்று மட்டும் சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொன்னது. தொண்ணூற்றேழு வந்த அன்று நாங்கள் பொள்ளாச்சியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், மிதுனா இரண்டு. எதை வைத்துச் சரியாகச் சொன்னது. எதை வைத்து.

யார் எந்த மரத்தில் மைக் வைத்தது. இதைத்தான் கேட்க வேண்டும், இதை யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும், தெரிந்த பதிலை யார் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மிதுனா இன்னும் சின்னவள், வீட்டில் விட ஆளில்லை, ஜீப்பில்தான் கூட்டி வருவோம். துளை விழுந்து தூள் கொட்டிய நோய் மரங்கள் மேலே, ஓடையைத் தாண்டி, அட்டை கடிக்கிற இடத்தில். ரோட்டோரத்து மரங்கள் எல்லாம் நல்லவை. இளம்பரிதிதான் சொன்னான், நீ கொழந்தையோட கீழ பாத்துக்கோ, நா மேல பாத்துக்கறேன். எவ்வளவு சாதாரணமாகப் பிரித்துக்கொண்டோம், சாப்பிட்ட தட்டை நீ கழுவு, நான் துடைக்கிறேன் என்பதுபோல. நோய் மரங்கள் முழுவதும் அவன். நல்ல மரங்கள் முழுவதும் நான். நான் மைக்கை வைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடிவந்துவிடுவேன், பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று. அவன் சாய்ந்து நிற்பான். அவனால் எதிலும் சாயாமல் நிற்க முடியாது. பஸ் ஸ்டாப் கம்பம், ஃபிரிட்ஜ், ஏடிஎம் கதவு. கல்யாணத்தன்று பந்தல் காலில் சாய்ந்து பந்தலே ஒரு பக்கம் இறங்கியது, என் தாய்மாமா, மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு வெச்சுதான் அனுப்புனாங்களா என்று சபையில் கேட்டார், அவன் அதற்கும் சிரித்துக்கொண்டே இன்னொரு காலில் சாய்ந்தான். சரிவு ஏறி மூச்சு வாங்க, மைக்கை வைத்துவிட்டு, அதே மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பான். இளைப்பில் நெஞ்சு பலமாக அடித்திருக்கும். மரம் அதையும் வாங்கி மைக்குக்குக் கொடுத்திருக்கிறது. மரத்துக்கு என்ன தெரியும், எது உள்ளே அடிக்கிறது எது வெளியே அடிக்கிறது என்று. மாடல் கற்றுக்கொண்டது புழுவை இல்லை. டுப் டுப் இருந்தால் நோய், இல்லாவிட்டால் நலம். இந்த வருடமும் அப்படியேதான் போனோம். மேல்சரிவு அவன், கீழே நான். மாடல் மேல்சரிவு முழுக்க நோய் என்றது. நான் தலையாட்டினேன், மேலேதானே முதலில் வந்தது, மேலேதானே இருக்கும் என்று.

இல்லை. அவசரப்படாதே. ஒரு குழந்தை சொன்னதை வைத்துக்கொண்டு ஆடாதே. அவளுக்கு அப்பா ஊரில் இல்லாத இரண்டு நாளும் எல்லாவற்றிலும் அப்பாதான். நேற்றுத் தோசையில் அப்பா மூக்கைப் பார்த்தாள். இளம்பரிதியையே கேட்கலாம், ஆனால் அவன் மேலே முகாமில், முந்தாநாளிலிருந்து மரத்துக்கு மரம் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறான், போன் எடுக்காத இடம். பூசும்போதும் ஒவ்வொரு மரத்திலும் சாய்ந்திருப்பான். செக்போஸ்ட்டில் வயர்லெஸ் இருக்கிறது. அதில் என்ன கேட்பது, நீ சாய்ந்தாயா என்றா, வனத்துறை முழுக்கக் கேட்க. சோதித்துப் பார். அதுதானே உன் வேலை. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பெயரை அவள் பார்க்காதபடி, ஃபைல்களைக் கலந்து போட்டேன். விளையாட்டு என்றேன். கீழ்ப்பக்க மரம் ஒன்று. "யாரும் இல்ல." மேல்சரிவு. "அப்பா." மேல்சரிவு. "அப்பா. இருமறாரு." கீழே. "யாரும் இல்ல, குருவி." கீழே. "யாரும் இல்ல." மேல்சரிவு. "அப்பா. அம்மா, பன்னு தீந்துருச்சு, பிஸ்கட் இருக்குதா?" இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று நான் கெஞ்சுகிறேன். தவறாக ஒன்றைச் சொல்லிவிட மாட்டாளா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன். சொல்லவில்லை. அவள் ஒருமுறை தவறினால் போதும், நான் ரேஞ்சரிடம் போலாம் என்று சொல்லிவிடுவேன், வீட்டுக்குப் போவேன், துணி ஊறப்போட்டிருக்கிறேன். அவள் தவறவில்லை. தன் அப்பா எங்கே இருக்கிறார், எங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரிகிறது. புழுவைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை, மாடலுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அப்படியானால் ரோட்டோரத்து மரம்? பிடி கிடைத்துவிட்டது. இதோ ஒரு மரம் இருக்கிறது, மாடல் நோய் என்று சொன்ன மரங்களில் இது ஒன்று மட்டும் கீழே, செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் வளைவில், ரோட்டை ஒட்டி நிற்கிறது. இதில் மைக் வைத்தது நான். இதனால்தான் எல்லாமே அவசரமானது. மேலே மட்டும் இருந்த நோய் ரோடு வரை இறங்கிவிட்டது என்று அறிக்கையில் நான்தான் எழுதினேன், தனிப் பத்தியாக, அழுத்தமான எழுத்தில். அதைப் படித்துவிட்டுத்தான் சகாயராஜ் அலைந்து திரிந்து உத்தரவு வாங்கினார். இந்த மரத்தில் இளம்பரிதி சாயவில்லை, அவன் அன்று மேலே இருந்தான். ஆகவே இதில் இருப்பது புழுதான். ஆகவே மாடலுக்குப் புழுவும் தெரியும். ஆகவே நான் தப்பித்தேன். அந்த ஃபைலைத் திறந்தேன். மிதுனா கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். "இது அப்பா இல்ல." அப்பாடா. "யாரோ ஓடியாந்து நிக்கறாங்க." நான் சத்தத்தைக் கூட்டினேன். "வேகமா அடிக்குது. அப்புறம் மெதுவா ஆகுது." வாங்கிக் கேட்டேன். இருந்தது. இளம்பரிதியுடையது இல்லை, லேசானது, வேகமானது, ஒரு பறவையைக் கையில் பிடித்தால் இருக்குமே அது. எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது, அப்படியே, வெயிலோடு. கருங்குரங்கு ஒன்று ரோட்டைத் தாண்ட, இவள் ஜீப்பிலிருந்து குதித்து அதன் பின்னால் ஓடி, அது மரமேறிவிட, திரும்பி ஓடிவந்து, நான் மைக் வைத்துக்கொண்டிருந்த மரத்தில் முதுகை அடித்துச் சாய்ந்தாள். நான்தான் சொன்னேன். அப்படியே நில்லு, அசையாத, பேசாத, அம்மா ரெக்கார்டு பண்றேன். எவ்வளவு சமர்த்தாக நின்றாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழு நேரமும். பின்னால் கையை நீட்டி அவள் ஸ்வெட்டருக்குள் விட்டு முதுகில் உள்ளங்கையை வைத்தேன். "ஜில்லுனு இருக்குது, எடு." எடுக்கவில்லை. திரையில் கோடு எழும்பி எழும்பி விழுகிறது, உள்ளங்கையில் எழும்பி எழும்பி விழுகிறது. இரண்டும் ஒன்றா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, இப்போது அவள் ஓடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. காட்டில் நோய் கீழே இறங்கவில்லை. என் பெண் ஒரு குரங்கைத் துரத்திவிட்டு வந்து சாய்ந்தாள்.

"அதுல யாரு அம்மா?" "நீதான்." சொல்லியிருக்கக் கூடாது. முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "நானா? மரத்துக்குள்ளயா? அது எங்க இருக்குது, என் மரம்?" "தா, அந்த வளைவுல." கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறாள். இங்கிருந்தே தெரிகிறது, மற்ற மரங்களைவிட ரோட்டுப் பக்கம் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், இடுப்பில் மஞ்சள் கோடு. "என் மரத்துக்கு பெல்ட் போட்டிருக்காங்க." ஆமாம் சாமி, பெல்ட்.

இப்போது போய்ச் சொல்ல வேண்டியதுதானே. சொல்லிவிட்டால் முடிந்தது. முடியாது, அதுதான் முடியாது. வெட்டாதீர்கள் என்று சொல்வது சும்மா இருப்பது இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓடைப் பக்கத்துத் தேக்குகளை, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று வனத்துறையினர் விட்டுவைத்தார்கள். முதல் மழையில் புழுக்கள் அந்துப்பூச்சிகளாக வெளியே வந்துவிட்டன, அடுத்த காற்றில் மரங்கள் நடுவில் முறிந்து விழுந்தன, முறிந்த இடத்தைப் பார்த்தேன், தேன்கூடு மாதிரி இருந்தது, விரலை விட்டால் விரல் போனது. மேல்சரிவில் உண்மையாகவே புழு இருக்கலாம். கொஞ்சம் மரங்களில் நிச்சயம் இருக்கும், இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே பக்கம்தானே துளையைப் பார்த்தோம். எந்த மரத்தில் என்றுதான் தெரியாது. முந்நூற்றில் முப்பதா, முந்நூறுமா. எல்லாவற்றிலும் மறுபடி மைக் வைத்து, யாரும் தொடாமல், தள்ளி நின்று, ஒரு வாரமாவது ஆகும். ஒரு வாரத்தில் மழை வந்துவிட்டால் நோய் காடு முழுக்கப் பறக்கும், அப்போது அந்த அம்மா கடைசி நேரத்தில் தடுத்துவிட்டார் என்பார்கள். இன்று வெட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் வைரம் பாய்ந்த நல்ல கட்டையாக முந்நூறு மரம் கிடந்தால், அந்த அம்மா எழுதிக் கொடுத்தார் என்பார்கள். இரண்டிலும் அந்த அம்மா நான். மூன்றாவது ஒன்று இருக்கிறது, பேசாமல் இருப்பது. யாருக்கும் தெரியாது. வெட்டின மரத்தை அங்கேயே எரிக்கத்தானே உத்தரவு. எரித்துவிட்டால் யார் பிளந்து பார்க்கப்போகிறார்கள். இதை நான் நினைத்தேன். முழுதாக, கடைசிச் சொல்வரை நினைத்துவிட்டேன், பிறகுதான் திடுக்கிட்டேன். மிதுனா கண்ணாடியில் வாயால் ஊதி அந்த ஆவியில் மரம் வரைகிறாள்.

இறங்கினேன். கால் மரத்துப்போயிருந்தது. சகாயராஜ் டம்ளரைக் கழுவ நீட்டிக்கொண்டிருந்தார். "சார், ஒரு சந்தேகம்." "கேட் தொறக்குற நேரத்துலயா மேடம்?" "மாடல் கேட்டது புழுவ இல்லைன்னு தோணுது." "பெறகு?" "எங்க வீட்டுக்காரர." அவர் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "அவரு என்ன, மரத்துக்குள்ளயா இருக்காரு?" சொன்னேன். முழுவதும் சொன்னேன், சாய்ந்தது, ஹெட்போன், குரங்கு, வளைவு மரம். என் குரல் யாரோ படிக்கிற செய்தி மாதிரி எனக்கே கேட்டது. லாரியில் பேச்சு நின்றுவிட்டது, ஒரு போர்வைக்குள்ளிருந்து தலை எட்டிப் பார்த்தது. சகாயராஜ் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். "மேடம், இந்த உத்தரவுக்கு நான் எத்தனை தடவை ஆபீஸ் படி ஏறுனேன்னு ஒங்களுக்குத் தெரியும். இப்பப் போயி, புருசன் நெஞ்சு துடிச்சிச்சு, அதனால நிறுத்திட்டேன்னு எழுத முடியாதுல்லா." "தெரியும் சார்." "கம்ப்யூட்டர் சொன்னதுன்னீங்க. இப்ப கொழந்தை சொன்னதுங்கீங்க." "ஆமா சார்." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "ஒண்ணு செய்வோம். ஒத்தை மரம். வெட்டிப் பொளந்து பாப்போம். உள்ள தொளை இருந்தா மிச்சமும் போகட்டும், நீங்க ஒண்ணும் பேசப்படாது. இல்லேன்னா லாரியத் திருப்பிருதேன், மழை வந்தாலும் சரி, ஒரு வாரம் எடுத்துக்கோங்க. எந்த மரம்னு நீங்களே சொல்லணும். நான் சொன்னா நாளைக்கு நீங்க இல்லைம்பீங்க."

ஜீப்புக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். ஒத்தை மரம். எவ்வளவு நியாயமான பேச்சு, எவ்வளவு எளிது. மேல்சரிவில் ஒன்றைச் சொன்னால், அதில் புழு இருந்துவிட்டால், அந்த ஒன்றுக்காக முந்நூறும் போகும். புழு இல்லாவிட்டால் முந்நூறும் தப்பும். எது என்று எனக்குத் தெரியாது. வளைவு மரத்தில் புழு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியுமா, நினைக்கிறேன். அதைச் சொன்னால் அதை வெட்டுவார்கள், உள்ளே சுத்தமாக இருக்கும், லாரி திரும்பும். நல்ல மரம் என்று தெரிந்த ஒரே மரத்தை வெட்டினால்தான் மற்ற மரங்கள் நிற்கும். ஆனால் அது சோதனையா. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது. முதலில் செய்த தவறும் இதுதானே, எது நோய் எது நலம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு மைக் வைத்தது. மேல் மரத்தைச் சொன்னால் நான் நேர்மையானவள், முந்நூறு மரம் ஒரு மரத்தின் தலையில் தொங்கும். வளைவு மரத்தைச் சொன்னால் நான் மரங்களைக் காப்பாற்றியவள், சகாயராஜை ஏமாற்றியவள், கீழே உண்மையில் நோய் பரவினால் அதற்கும் நான்தான். வளைவு மரத்திலும் புழு இருந்துவிட்டால். இவளும் சாய்ந்திருக்கலாம், அதுவும் உள்ளே இருந்திருக்கலாம், இரண்டும் ஒரே மரத்தில் இருக்கக் கூடாது என்று சட்டமா. மேல் மரம். வளைவு மரம். மேல். எதைச் சொன்னாலும் அது எனக்காகச் சொன்னதாக இருக்கும், என் வேலைக்காக, என் பேருக்காக. மேல் மரம் என்று வாயைத் திறந்தால் வளைவு மரம் என்று வருகிறது, வளைவு என்று நினைத்தால் அந்த மஞ்சள் பெல்ட் தெரிகிறது. காவலாளி வெளியே வந்துவிட்டான். சாவிக்கொத்தை உதறுகிறான். லாரி டிரைவர் என்ஜினை ஸ்டார்ட் செய்தான், ஜீப்பின் தரை வழியாக அந்த அதிர்வு என் பாதத்துக்கு ஏறியது, இப்போது இதில் ஒரு மைக் வைத்தால் என்னென்ன கேட்கும்.

"அம்மா, அந்த லாரி மாமாங்க எதுக்கு வந்திருக்காங்க?" விளையாட்டு என்று சொல்லலாம். எந்த மரம் உனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்கலாம், அவள் ஒன்றைச் சொல்வாள், எதற்கு என்று தெரியாமலே. அது வேண்டாம். அதை மட்டும் செய்ய மாட்டேன். திரும்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தேன். "மிதுனா, மரத்தை எல்லாம் வெட்ட வந்திருக்காங்க. அம்மா வேண்டாம்னு சொல்றேன், ஆனா நிச்சயமாத் தெரியல. அதனால ஒரே ஒரு மரத்த மட்டும் வெட்டி, உள்ள புழு இருக்குதான்னு பாக்கப்போறாங்க. அப்பா சாஞ்ச மரம் ஒண்ணா, உன்னோட மரமா, அம்மாவுக்குச் சொல்லத் தெரியல." அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "வெட்டுனா செத்துருமா?" "ஆமா." "உள்ள புழு இல்லைன்னா?" "அப்பவும்தான்." "அப்புறம் ஒட்ட முடியாதா?" "முடியாது." "புழு இருந்தா?" "மத்த மரத்தையும் வெட்டிருவாங்க." "அப்பா மரத்துல புழு இருக்குதா?" "தெரியல கண்ணு." "என் மரத்துல?" நான் யோசித்தேன். "இல்லைன்னு நெனைக்கறேன்." அவள் கண்ணாடியைத் துடைத்தாள். வரைந்த மரம் போய், அந்த இடத்தில் வளைவும் மரமும் தெரிந்தன. சகாயராஜ் ஜீப்பை நோக்கி வந்துகொண்டிருந்தார். கம்பம் மேலே போனது.

என் மரத்தச் சொல்லு, என்றாள் மிதுனா.